எட்டு வண்டி, ஒரே குடும்பம்

வண்டி பாக்க வந்துட்டு செவுத்துல இருக்கற படத்தப் பாத்துட்டு நின்னா எப்படீங்க? வாங்க, வெளிய வாங்க. வண்டி போர்டிகோவுல நிக்குது. கவர எடுத்து நல்லாத் தொடச்சு வச்சிருக்கேன். போன்ல சொன்னேனில்லீங்களா, ஒரே கை ஓட்டுன வண்டி. எம் பையன் பெங்களூர்ல இருக்கான், அவன்கூட இதத் தொட்டதில்ல. நான் தொட விட்டாத்தான?

ஒதைங்க. பயப்படாம ஒரே ஒதை. பாத்தீங்களா! பத்து மாசமா ரோட்டப் பாக்காத வண்டிங்க இது. வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தீருவேன், அவ்வளவுதான். புல்லட்டு புல்லட்டுத்தான். இந்தச் சத்தத்தக் கேட்டா எதுத்த வீட்டு நாய்கூட எந்திரிச்சு நிக்கும்.

ஹாரனா? ஹாரன் இல்லீங்க. கழட்டிட்டேன். துருப்புடிச்சுப் போச்சு. அது ஒரு பெரிய காரியமா, நீங்க புதுசா மாட்டிக்கோங்க. கண்ணாடி பாருங்க, சீட்டுப் பாருங்க, டயர் போன வருசம் போட்டது. வெலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல வண்டி உங்களுக்குப் புடிக்கோணும்.

திண்டுக்கல்லுன்னீங்க. நீங்க சேந்து போற கூட்டத்துல எத்தன வண்டி? அஞ்சா? அஞ்சு நல்லதுங்க. திரும்பிப் பாத்தா ஒரே பார்வையில எண்ணிரலாம். நாங்க எட்டு. இந்தக் கோபி டவுன் முழுக்க எங்களத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில நாங்க கெளம்பற சத்தத்துலதான் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் பாய்லரப் பத்த வைப்பாருன்னு சொல்லுவாங்க. சும்மா சொல்றதுதான், ஆனாலும் கேக்க நல்லாத்தான் இருக்கும். நாலு வருசத்துல நாங்க பாக்காத மலை இல்ல. திம்பம், கொல்லிமலை, ஏற்காடு, மேகமலை. வழி போடறது, நிக்கற எடம் பாக்கறது, ரூம் போடறது, எல்லாம் நாந்தான்.

மொதல்ல எங்க போறதா இருக்கீங்க? வால்பாறையா?

ம்.

போங்க போங்க. நல்ல ரோடு. நாப்பது கொண்டை ஊசி வளைவு. நெட்டுல போட்டிருப்பான், பாக்க வேண்டிய எடம் பத்து, இருவதுன்னு. அதுல பாதி கார்க்காரனுக்குப் போட்டது. வண்டியில போறவனுக்கு நிக்கற எடம் வேற. நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. ஆழியாறு அணைக்கு எட்டு மணிக்கு முன்னாடி போயிரணும். அப்பத்தான் தண்ணி ஆடாம கெடக்கும், மலை முழுக்கத் தலைகீழாத் தெரியும். ஒம்பது மணிக்குக் காத்து வந்துரும், அப்புறம் வெறும் தண்ணிதான். ஒம்பதாவது வளைவுல நில்லுங்க, வரையாடு நிக்கும். பக்கத்துலயே வரும், ஆனா திங்கறதுக்கு ஒண்ணும் போட்டுராதீங்க. அட்டகட்டியில ஒரு டீக்கடை, போர்டு கீர்டு இல்ல, வாசல்ல பழைய டயர்ல செடி வச்சிருப்பாங்க. இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்க. மேல போகப் போக மழையாயிரும், வயித்துல சூடு இருக்கோணும்.

நாங்க போனப்ப இதெல்லாத்தையும் தாள்ல எழுதி எட்டுப் பேருக்கும் குடுத்திருந்தேன். எத்தன மணிக்கு எங்க, எத்தன நிமிஷம் நிக்கறது, எங்க டீ, எங்க சாப்பாடு. எங்க வீட்டுக்காரி விசாலம் சொல்லுவா, "கலியாணத்துக்குக்கூட நீங்க இப்படி எழுதலியே"ன்னு. கலியாணத்துல நாலு பேரு பாத்துக்குவாங்க. மலையில யாரு பாக்கறது?

வாங்க, உள்ள வந்து தண்ணி குடிங்க. காபி போட ஆளில்ல. அவ தம்பி வீட்டுக்குக் கொழம்பு கொண்டுட்டுப் போயிருக்கா, இப்ப வந்துருவா. அந்தச் சேர்ல உக்காருங்க.

திரும்பியும் படந்தானா? நல்ல படமுங்க. பின்னால பாருங்க, மஞ்சு மூட்டம் எப்படி மேல ஏறி வருதுன்னு. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. கீழ எழுதியிருக்கறது நான் போட்ட வாசகம். "எட்டு வண்டி, ஒரே குடும்பம்." ஸ்டுடியோக்காரர் அத அப்படியே எழுதிக் குடுத்துட்டாரு.

ஏழு பேருதான் இருக்காங்கன்னா? ஆமாங்க. எட்டாவது ஆள் படம் எடுத்தாரு. எம் மச்சினன்.

என்னங்க?

வண்டியும் ஏழுதான் நிக்குது, அவரு வண்டி எங்கன்னா கேக்கறீங்க?

...கொஞ்சம் இருங்க. கதவச் சாத்திட்டு வந்தர்றேன்.

பத்து மாசத்துல இந்த வீட்டுக்கு சொந்தம் ஒறம்பரைன்னும் ஊர்க்காரங்கன்னும் நூறு பேராவது வந்து போயிருப்பாங்க. ஆள எண்ணிட்டு, ஒரு ஆள் கொறையுதேன்னு கேட்டவங்க நாலஞ்சு பேரு. படம் எடுத்தவன்னு சொன்னா, ஆமா ஆமான்னுட்டுப் போயிருவாங்க. வண்டிய எண்ணுனது நீங்க ஒருத்தர்தான். வண்டி ஓட்டறவரில்லீங்களா, கண்ணு அங்கதான் போகும்.

சொல்றேன். உங்களுக்குச் சொன்னா என்ன, நீங்க திண்டுக்கல்லு. அந்த ரோட்டுலதான் போகப் போறீங்க வேற. ஆனா ஒண்ணு, அவ வர்ற சத்தம் கேட்டா நிறுத்தீருவேன்.

எங்க கூட்டத்துல ஒரு முறை உண்டுங்க. நான் கொண்டாந்தது. முன்னால நான் போவேன். கடைசியில ஒருத்தன் வருவான், அவனுக்குப் பச்சை ஜாக்கெட், வெளிச்சம் பட்டா மினுக்குமே, அது. ரோடு ரெண்டாப் பிரியற எடம் வந்தா, எனக்கு அடுத்து வர்றவன் அங்கயே நின்னு கை காட்டோணும். எல்லா வண்டியும் போறவரைக்கும் நிக்கோணும். பச்சை கண்ணுல பட்டுதா, அப்பத்தான் அவன் கெளம்பலாம். பச்சை வராம நகரப்படாது. நாலு வருசத்துல ஒரு வண்டி வழி தப்புனதில்ல. நீங்களும் அத வச்சுக்கோங்க, நல்ல முறை.

பச்சை எப்பவும் கனகராசுக்குத்தான். அவன்தான் எம் மச்சினன். விசாலத்துக்குத் தம்பின்னு பேரு, ஆனா மகனாட்டம். அவனுக்கு ஒம்பது வயசுல அவங்கம்மா போயிட்டாங்க. இவ சோறு போட்டுத்தான் வளந்தான். நான் கட்டிட்டு வந்தப்ப அவனும் கூடவே வந்துட்டான்னு வச்சுக்கோங்களேன். மோட்டார் காயில் கட்டறவன். கெணத்துக்குள்ள கவுறு கட்டி எறங்கி மோட்டார மேல ஏத்தறதுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல அவனத்தான் கூப்புடுவாங்க. அணில் மாதிரி எறங்குவான். எறங்குவான்... அப்ப.

அன்னிக்கு அவன் வரலேன்னுதான் சொன்னான். அதையும் சொல்லீர்றேன். ஒரு தோட்டத்துல மோட்டார் ஏத்தோணும், தண்ணியில்லாம வாழை காயுது மாமான்னான். நாந்தான், ஏழு வண்டின்னா தாள்ல எல்லாத்தையும் மாத்தோணும், ரூம மாத்தோணும், வாடான்னேன். அந்த வாசகத்த வேற மொத நாளே போன்ல அடிச்சு வச்சிருந்தேன். எட்டு வண்டின்னு. மாமா சொல்லிட்டா அவன் மறு பேச்சுப் பேச மாட்டான். ஐப்பசி மாசம். காலையில நாலு மணிக்கு வந்து நின்னான்.

வால்பாறை போய்ச் சேர்ற வரைக்கும் தாள்ல இருக்கற மாதிரி நிமிஷம் பிசகாமப் போச்சுங்க. மத்தியானம் சாப்பாடு. சாப்புட்டு வெளிய வந்தா மழை புடிச்சுக்குச்சு. எங்ககூட ஒரு பல் டாக்டர், பத்மநாபன்னு, கோட்டு எடுத்துட்டு வராம வெடவெடன்னு நடுங்கறாரு. பாக்கப் பாவமாப் போச்சு. "கனகராசு, அந்த ஜாக்கெட்ட டாக்டருக்குக் குடுத்துரு. நீ மழையிலயும் கெணத்துலயும் கெடந்த ஆளு, உனக்கென்ன"ன்னேன். கழட்டிக் குடுத்துட்டான். நல்ல எண்ணத்துலதான சொன்னேன்? நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் நடுங்கறப்ப பாத்துட்டு இருக்க முடியுமா?

அங்கிருந்து வியூ பாயிண்ட்டுக்கு தேயிலைக்குள்ளயே ரோடு. மூணு மணிக்கு மேல மஞ்சு மூடிரும், அதுக்குள்ள போகோணும். நான் கொஞ்சம் வேகமாத்தான் போனேன். வழியில ஒரு எடத்துல ரோடு பிரியுது. மேல போனா வியூ பாயிண்ட். கீழ போனா தோட்டத்து வேலையாளுக இருந்த, இப்ப ஆளில்லாத பழைய லைன் வீடு, அதுக்குப் போற ரோடு, பாசி புடிச்சுக் கெடக்கும். நாச்சிமுத்துவ நிறுத்துனேன். எலக்ட்ரிக் கடை வச்சிருக்கான், எனக்கு இருவது வருசப் பழக்கம். அவன் நின்னான். ஒவ்வொருத்தராப் போனாங்க. டாக்டர் பச்சை ஜாக்கெட்டோட போனாரு. பச்சை போயிருச்சுன்னு அவனும் கெளம்பி வந்துட்டான்.

பின்னால கனகராசு இருந்தான். டாக்டரோட தோள்பை மேல போட்டிருந்த மழைக் கவர் காத்துல பறந்து போயிருக்குது. இவன் வண்டிய நிறுத்திட்டு, பள்ளத்துல எறங்கி அத எடுத்துட்டு வந்திருக்கான். வந்து பாத்தா பிரிவுல கை காட்ட ஆளில்ல. நாலு வருசமா ஆள் நிக்கற முறை. ஆள் நிக்கலேன்னா அது பிரிவே இல்ல, நேராப் போற ரோடுன்னுதான அர்த்தம்? கீழ எறங்கற ரோடு நேரா இருக்குது. எறங்கிட்டான்.

நாச்சிமுத்து ஆளப் பாத்திருக்கோணுமா இல்லியா? ஜாக்கெட்டையா பாக்கறது? மூஞ்சி தெரியாதா? கேட்டா, மழையில எல்லாரும் ஹெல்மெட்டக் கவுத்துட்டு வந்தாங்க, ஜாக்கெட்ட மாத்துனத எனக்கு யாரு சொன்னாங்கங்கறான். நான் சொல்லியிருக்கோணுமாம். எல்லாத்தையும் நானே சொல்லிட்டிருக்க முடியுமாங்க? இப்ப அவனுங்க ஆறு பேரும் ஒண்ணாயிட்டானுங்க. என்னையக் குரூப்ல இருந்து எடுத்துட்டானுங்க. நான் ஆரம்பிச்ச குரூப்புங்க அது! நான் பேரு வச்சது! அந்த முறையக்கூட நாந்தான் கத்துக் குடுத்தேன். இப்ப அவனுங்க ஞாயித்துக்கிழமை போறப்ப இந்தத் தெரு வழியா வர்றதில்ல. சுத்திப் போறானுங்க. அந்தச் சத்தம் அந்தத் தெருவுல கேக்கும், நான் இங்க உக்காந்திருப்பேன்.

சரி, அத விடுங்க. வியூ பாயிண்ட்ல வந்து சேந்தாச்சு. டாக்டர் வந்தாரு, நாச்சிமுத்து வந்தான். "கனகராசு எங்க?"ன்னு நாச்சிமுத்துதான் கேட்டான். "பின்னால வர்றான், ரெண்டு நிமிஷத்துல வந்துருவான்"னேன். வந்துருவான்னுதாங்க நெனச்சேன். பழைய வண்டி, மெதுவாத்தான் வரும். அதுக்குள்ள கீழ இருந்து மஞ்சு ஏறுது. அவனுக்காக நின்னா படம் போச்சு. எரநூறு கிலோமீட்டர் வந்தது அதுக்குத்தான? வண்டிய வரிசையா நிறுத்துனோம். அங்க புதுசாக் கலியாணம் ஆன ஜோடி ஒண்ணு நின்னுது. அந்த மாப்பிள்ளை கையில என் போனக் குடுத்தேன். அவருதான் எடுத்தாரு இந்தப் படத்த. பேரு தெரியாது, ஊரு தெரியாது.

எடுத்து முடிச்சதும் எங்க வழக்கப்படி ஏழு வண்டியும் ஒட்டுக்கா மூணு ஹாரன். எந்த எடத்துல நின்னாலும் மூணு ஹாரன் அடிப்போம், மலை அத வாங்கித் திருப்பிக் குடுக்கும். அதுவும் நான் கொண்டாந்ததுதான்.

கனகராசுக்கு அது கேட்டுச்சாமுங்க.

ஆமாங்க. கீழ பாசியில வழுக்கி, வண்டி கால் மேல விழுந்து கெடக்கறான். நேராப் பாத்தா எங்களுக்கும் அவனுக்கும் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அங்க போன்ல டவர் எடுக்கல. ஹாரன் கேட்டு, மாமா கூப்புடறாருன்னு நெனச்சுச் சத்தம் போட்டிருக்கான். "நீங்க தேடறீங்கன்னு நெனச்சேன் மாமா"ன்னு பின்னால என்கிட்டச் சொன்னான். சும்மா, பேச்சோட பேச்சாச் சொன்னான். சிரிச்சுட்டே சொன்னான்.

ஹாரன் துருவெல்லாம் புடிக்கலீங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

படத்தக் குரூப்புல போட்டேன், எங்க குடும்பக் குரூப்புலயும் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல விசாலம் கூப்பிட்டா. "ஏனுங்க, எட்டு வண்டின்னு போட்டிருக்கீங்க, தம்பியக் காணமே?" அங்க நின்ன ஏழு பேருல ஒருத்தன்கூட எண்ணல. இவ கோபியில அடுப்படியில நின்னுட்டு எண்ணியிருக்கா.

"அவன்தான் படம் எடுத்தது"ன்னேன்.

வாயில வந்துருச்சுங்க. ரோசன பண்ணியெல்லாம் சொல்லல. நெசத்தச் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். "எந் தம்பிய விட்டுட்டா போட்டோ எடுத்தீங்க"ன்னு ஆரம்பிப்பா. ஆறு பேரு சுத்தி நிக்கறப்ப, அவ்வளவு நல்ல எடத்துல நின்னுட்டு, போன்ல வாங்கிக் கட்டிக்கோணுமா? இப்ப வந்துருவான், வந்ததும் அவனையே பேச வச்சர்லாம்னுதான். "அவன்கிட்டக் குடுங்க"ன்னா. "இங்க டவர் கட்டாவுது, அப்புறம் பேசறேன்"னு வச்சுட்டேன்.

இப்ப நான் சொல்லப் போறது ஒண்ணு இருக்குது. அந்தப் பக்கத்து எஸ்டேட்டுல விசாலத்தோட பெரியப்பா மகன் ரத்தினம் சூப்பர்வைசரா இருக்கான். "தம்பியக் காணம்"னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா, அடுத்த நிமிஷம் அவ ரத்தினத்துக்குப் போன் அடிச்சிருப்பா. எனக்கு அந்த ஞாபகமே வரல. அரை மணி நேரம் நின்னோம். "நேரா சோலையாறு அணைக்குப் போயிருப்பான், தாள்ல அடுத்தது அதுதான"ன்னு சொல்லி எல்லாத்தையும் கெளப்பிட்டுப் போனேன். அங்க இல்ல. திரும்பி வந்தோம். மஞ்சுல ஒண்ணும் தெரியல. அஞ்சு மணிக்குத்தான் ரத்தினம் ஞாபகம் வந்து அடிச்சேன். இருவது நிமிஷத்துல ஜீப்புல ஆளுகளோட வந்து எடுத்துட்டாங்க. இருவதே நிமிஷம்.

ரத்தினம் கேட்டான், எங்க வச்சுத் தவறுனான்னு. படம் எடுத்துட்டுப் பின்னால வர்றேன்னான், அப்புறம் காணம்னு சொன்னேன். விசாலத்துக்கு அப்படிச் சொல்லியாச்சு, இவனுக்கு வேற மாதிரி எப்படிச் சொல்றது?

கோயமுத்தூருக்குக் கொண்டுட்டுப் போனோம். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. வலது கால். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு, "ஒரு மணி நேரம் முன்ன கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்"னு. எங்கிட்டத்தான் சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லல.

மூணாவது நாள் கனகராசு நல்லாக் கண்ணு முழிச்சுப் பேசறான். விசாலம் பக்கத்துல உக்காந்து அவன் தலையத் தடவிட்டிருக்கா. நான் கால்மாட்டுல நிக்கறேன். கால்மாடுன்னா... சரி. அவ கேட்டா, "ஏன்டா, படம் எடுத்துட்டு இவங்களோடவே போகாம நீ எதுக்குடா தனியாப் போனே?"

அவன் அவளப் பாத்தான். அப்புறம் என்னையப் பாத்தான். "ஆமாக்கா, படம் எடுத்துட்டுப் பின்னால வந்தேன், புத்தி கெட்டுப்போய்க் கீழ எறங்கிட்டேன்"னான்.

நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கலீங்க. சத்தியமா. படத்தப் பத்தி அவனுக்கு எப்படித் தெரியும்? அக்கா கேட்ட கேள்வியிலயே புரிஞ்சுக்கிட்டான். மாமா ஏதோ சொல்லி வச்சிருக்காருன்னு.

அப்பவே நான் சொல்லியிருக்கலாம். சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நர்ஸ் வந்துட்டாங்க, ஊசி போட. அப்புறம் அவனே சொல்லிட்டானே, இனி நாம எதுக்கு அவள நோகடிக்கறதுன்னு விட்டுட்டேன். அவ நல்லதுக்குத்தாங்க. தெரிஞ்சா தாங்குவாளா? நாச்சிமுத்து ஒரு நாள் இங்க வந்தான், விசாலத்தப் பாத்து மன்னிப்புக் கேக்கோணும்னு. வாசக் கேட்டுலயே நிறுத்திப் பேசித் திருப்பித் தாட்டி விட்டேன். அதுக்கப்புறந்தான் என்னையக் குரூப்புல இருந்து எடுத்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருக்கும். ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வர்றேன், இந்தப் படம் செவுத்துல தொங்குது. அவளே என் போன்ல இருந்து எடுத்து, ஸ்டுடியோவுல குடுத்து, கண்ணாடி போட்டு வாங்கிட்டு வந்திருக்கா. நான் சாப்புட உக்கார்ற எடம் அதுதான் பாருங்க, அதுக்கு நேரா. தினமும் காலையில தொடைக்கறா. ஒரேயடியாத் தொடைச்சு விட மாட்டா. துணிய வெரல்ல சுத்திட்டு, ஒவ்வொரு வண்டியாத் தொடைப்பா. யாரு வந்தாலும் கூட்டிட்டுப் போய்க் காட்டறா. "எந் தம்பி எடுத்ததுங்க. ரெண்டு காலோட அவன் கடைசியாச் செஞ்ச வேலை"ங்கறா. சொல்றப்ப வந்தவங்களப் பாக்க மாட்டா, என்னையத்தான் பாப்பா. பொம்பளைகளுக்கு அப்படி ஒரு பழக்கம், என்னமோ.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவனுக்கு இங்கதான் சாப்பாடு. கக்கத்துக் கட்டைய ஓரமா வச்சுட்டு வந்து உக்காருவான். இப்ப கெணத்து வேலை இல்ல, கடையில உக்காந்து காயில் மட்டும் சுத்தறான். அவ கறியப் போட்டுட்டே வையுவா, "எல்லாரும் போன வழியில போயிருந்தா இந்த நெலமை வருமா? சின்னக் கொழந்தையாடா நீ?" அவன் சிரிச்சுட்டு, "தப்புத்தான்க்கா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து"ம்பான். வாரா வாரம். நான் தலையத் தூக்க மாட்டேன். தூக்குனா நேரா படந்தான்.

எதுக்கு விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்களே. வயசாச்சுன்னேன். வயசெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கனகராசு விக்க வேண்டாம் மாமாங்கறான். விசாலம் அதுக்கு மேல. நேத்து ராத்திரிகூடச் சோத்தப் போட்டுட்டே சொன்னா, "எதுக்கு விக்கறீங்க? அந்த ஏழு வண்டியில ஒண்ணாவது நம்ம வாசல்ல நிக்கட்டும்"னு.

ஆமாங்க, அப்படித்தான் சொன்னா.

ஏழுன்னு.

எட்டுன்னுதான எழுதியிருக்குது? எட்டுன்னுதான எல்லாரும் சொல்லுவாங்க? நான் ஒண்ணும் கவனிக்காமச் சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுட்டேன். இப்ப உங்ககிட்டச் சொல்றப்பத்தான்... வாய் தவறிச் சொல்லியிருப்பாளா? அவளுக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்?

ஒவ்வொரு வண்டியாத் தொடைக்கறாங்க. பத்து மாசமா.

இருங்க. வாசக் கேட்டுத் தொறக்கற சத்தம். வந்துட்டாங்க. கனகராசுதான் கொண்டாந்து விட்டிருக்கான், பக்கத்துல ரெண்டு சக்கரம் வச்ச ஸ்கூட்டர், அதோட சத்தந்தான் அது. சொல்லீர்லாமா? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க. நீங்களும் இருக்கீங்க, வெளியாளு இருந்தா அவ சத்தம் போட மாட்டா. ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க? ஒரு நிமிஷந்தான ஆகும். சொல்லிட்டா ஒரு நிமிஷம். கதவத் தொறக்கறேன். நீங்க போயிராதீங்க, இருங்க, கூட இருங்க.

வா விசாலம். இவருதான் திண்டுக்கல்லுல இருந்து வண்டி பாக்க வந்தவரு. உக்காந்து பேசிட்டிருந்தோம். கனகராசு, என்ன மாப்ள அங்கயே நிக்கற? உள்ள வா. பாத்து வா, படி ஈரமா இருக்குது, என் கையப் புடிச்சுக்க. உன்னையப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். நான்... அது வந்து விசாலம்...

படத்தத்தான் பாத்துட்டிருந்தாரு. நெம்ப நல்லா எடுத்திருக்காரு உங்க மச்சினன்னு, இப்பத்தான் சொல்லிட்டிருந்தாரு.